ஊற்று நின்ற ரத்தம்

2009 ஜூலை 25. தென் பிரான்சின் மோன் வான்டூ. உச்சியை நெருங்க நெருங்க மரங்கள் எல்லாம் மறைந்துபோய், வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மட்டுமே பரந்து கிடக்கும் மொட்டை மலை அது. டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசிக்கு முந்தைய நாள். மூன்று வாரமாக மிதித்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தவர்கள் அந்த ஏற்றத்தில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலிடத்தில் இருந்த ஆல்பெர்டோ கொன்டடோருக்கு வயது 26. இரண்டாமிடத்து ஆண்டி ஷ்லெக்குக்கு 24. இவர்களுக்கு அடுத்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஏறிய லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 37. மூன்றரை ஆண்டு ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்தவர். போதாக்குறைக்கு அந்த மார்ச் மாதம்தான் ஸ்பெயினில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார்.

பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆம்ஸ்ட்ராங்கைப் பார்த்து உலகம் வியப்பது புதிதல்ல. 1996 அக்டோபரில் அவருக்கு விரைப்புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டபோது அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. இண்டியானாபொலிஸில் மூளை அறுவையும் கீமோதெரபியும் நடந்தன. வழக்கமான மருந்துக் கூட்டில் இருக்கும் ப்ளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது என்பதால், பந்தய வீரரான அவருக்கு அதைத் தவிர்த்து வேறொரு கூட்டைக் கொடுத்தார்கள். இந்த நோய்க்கு சிஸ்பிளாட்டின் சிகிச்சையை உருவாக்கிய லாரன்ஸ் ஐன்ஹார்னின் மருத்துவமனை அது. பின்னாளில் நம் யுவராஜ் சிங் சிகிச்சைக்குப் போனதும் அவரிடம்தான். சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர் 1999 முதல் 2005 வரை வரிசையாக ஏழு முறை டூர் பட்டம் வென்றார். எத்தனையோ புற்றுநோய் வார்டுகளில் அவருடைய அறக்கட்டளையின் மஞ்சள் கைப்பட்டை தலையணைப் பக்கத்தில் இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிய வியப்பு அவர் ஏறிய மலை அல்ல, அவர் கையிலிருந்து எடுத்த சில மில்லி ரத்தம். அந்த ரத்தத்தில் இருந்த ஒன்றை வைத்து யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. இருந்திருக்க வேண்டிய ஒன்று அதில் குறைந்திருந்தது.

மாதுளையும் பேரீச்சையும் சாப்பிட்டால் ‘ரத்தம் ஊறும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உடல் நடத்தும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எனக்குத் தெரிந்து இல்லை. எலும்பு மஜ்ஜையில் விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் ஊறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் ஓடி, ஆக்ஸிஜனைச் சுமந்து, கிழடாகி, கழிகிறது. கழிவதும் ஊறுவதும் சரிசமமாக இருக்க ஒரு கண்காணிப்பு வேண்டுமல்லவா? அதைச் செய்வது சிறுநீரகம். தன்னிடம் வரும் ஆக்ஸிஜன் குறைந்தால் அது எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, சுருக்கமாக இபிஓ. அது மஜ்ஜைக்குப் போய் ‘இன்னும் வேண்டும்’ என்கிறது. ஆக்ஸிஜன் போதுமென்றால் சுரப்பு அடங்குகிறது. செல்கள் ஆக்ஸிஜனின் அளவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்த ஹார்மோனைக் கையில் பிடிக்கப் பட்ட பாட்டைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. சிகாகோவில் யூஜீன் கோல்ட்வாசர் சுமார் 20 ஆண்டு தேடினார். மஜ்ஜை வேலை செய்யாத ரத்தசோகை நோயாளிகளின் உடல், கேட்க ஆளில்லாத மஜ்ஜையை நோக்கி இபிஓவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அது சிறுநீரில் வெளியேறும். ஜப்பானின் தகாஜி மியாகே அப்படிப்பட்ட நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேர்த்து, வற்றவைத்து, துணியில் சுற்றிய பொட்டலமாக 1975இல் சிகாகோவுக்கே கொண்டு வந்து கொடுத்தார். அத்தனையிலிருந்தும் தேறியது சில மில்லிகிராம். அதிலிருந்து மரபணுவை அடையாளம் கண்டு, வெள்ளெலியின் செல்களுக்குள் மனித மரபணுவை வைத்து மருந்தாக உற்பத்தி செய்தார்கள். 1989இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் நம் ஊர் வீடுகளில் ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊசிப் பெட்டி இருக்குமே, அதுதான் இது. ஹீமோகுளோபின் ஏழில் கிடந்து, பாத்ரூம்வரை நடக்கவே மூச்சு வாங்கியவர்களைப் பத்துக்கு ஏற்றி உட்கார வைத்த மருந்து. கீமோதெரபியில் ரத்தம் வற்றியபோது ஆம்ஸ்ட்ராங்குக்கும் அது கொடுக்கப்பட்டது.

நோயாளியைப் பத்துக்கு ஏற்றும் மருந்து, பதினைந்தில் இருப்பவரை எங்கே கொண்டுபோகும்? மலை ஏறும் சைக்கிள்காரரின் கால் தசைக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் போகிறதோ அவ்வளவுதான் வேகம். 1990களில் இந்த ஊசி பந்தய அணிகளுக்குள் பரவியது. ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணு என்பதை ஹீமடோகிரிட் என்பார்கள். ஆண்களுக்கு நாற்பதுகளின் நடுவில் இருக்கும். அது அறுபதை நெருங்கினால் ரத்தம் கூழாகிவிடும், இதயம் தள்ள முடியாமல் திணறும். ஊசியைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லாததால், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1997இல் 50 என்று ஒரு கோடு கிழித்தது. கோட்டைத் தாண்டினால் இரண்டு வாரம் ஓய்வு. இத்தாலியின் செல்லப்பிள்ளை மார்கோ பன்டானி 1999இல் அந்நாட்டின் மூன்று வார ஜிரோ பந்தயத்தில் வெற்றிக்கு ஒரு நாள் முன்னால் 52 என்ற அளவால் வெளியேற்றப்பட்டார். மற்றவர்கள் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ளக் கற்றுக்கொண்டார்கள். 1998 உலகப் போட்டியின்போது சோதனை அதிகாரி பக்கத்திலேயே காத்திருக்க, அணியின் மருத்துவர் ஒரு லிட்டர் சலைன் பையை மழைக்கோட்டுக்குள் மறைத்து எடுத்துவந்து ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றினார் என்று சக வீரர் பின்னாளில் சாட்சி சொன்னார். ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீர் சேர்ப்பதுபோல ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வேலை.

2000இல் பிரான்சின் ஃபிரான்சுவாஸ் லாஸ்னும் ஜாக் த சொரிஸும் ஊசி இபிஓவைக் காட்டிக்கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். மரபணு மனிதனுடையது, புரதச் சங்கிலியும் அச்சு அசல் அதேதான். ஆனால் அதன் மேல் ஒட்டும் சர்க்கரைக் கிளைகளை வெள்ளெலி செல் தன் பழக்கப்படி ஒட்டுகிறது. அதனால் மின்னூட்டம் கொஞ்சம் மாறுகிறது. ஜெல்லில் வைத்து மின்சாரம் செலுத்தினால் உடலில் சுரந்தது ஓரிடத்திலும் ஊசியில் வந்தது வேறிடத்திலும் போய் நிற்கும். உறையவைத்துப் பாதுகாத்திருந்த 1999 டூர் மாதிரிகளைப் பிரெஞ்சு ஆய்வகம் ஆராய்ச்சிக்காக இந்த முறையில் திரும்பப் பார்த்தது. இபிஓ இருந்த மாதிரிகளில் ஆறு ஆம்ஸ்ட்ராங்குடையவை என்று 2005 ஆகஸ்டில் லெக்கிப் நாளிதழ் வெளியிட்டது. அவர் மறுத்தார்.

சோதனை வந்ததும் ஆட்டம் மாறியது. ஊசியின் தடயம் கிடைக்குமென்றால், தன் ரத்தத்தையே எடுத்து வைத்துக்கொண்டால்? பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு ஒரு பை ரத்தத்தை எடுத்து ஃபிரிட்ஜில் வைப்பார்கள். உடல் அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். பந்தயத்தின் நடுவில், களைத்துக் கிடக்கும் இரவில், ஓட்டல் அறைச் சுவரில் பையைத் தொங்கவிட்டுத் திரும்ப ஏற்றுவார்கள். குளிர்ந்த ரத்தம் நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் சிலிர்த்ததை ஆம்ஸ்ட்ராங்கின் அணித்தோழர் டைலர் ஹாமில்டன் எழுதியிருக்கிறார். ஏறியது அவரவர் ரத்தம். அந்நியப் பொருள் ஏதுமில்லை, ஜெல்லில் நிற்க எதுவுமில்லை. இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிணறு வைத்திருப்பவர்களுக்கு விடை தெரியும். மோட்டார் போட்டு இறைத்தால் ஊற்று வேகமாகக் கசியும். லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டி மட்டத்தை உயர்த்திப் பாருங்கள், ஊற்று அடங்கிவிடும். கொட்டிய தண்ணீர் எந்த ஊர் என்று தெரியாவிட்டாலும், மட்டம் உயர்ந்திருக்கும்போது ஊற்று நின்றிருப்பதைக் காண முடியும்.

ரத்தத்தின் ஊற்றையும் அப்படிக் காண முடியும். மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பிஞ்சுச் சிவப்பணுவுக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். உள்ளே ஆர்என்ஏவின் மிச்சம் வலைபோலப் படிந்திருக்கும். சாயம் ஏற்றினால் தெரியும். ஓரிரு நாளில் முதிர்ந்து மற்றவற்றோடு கலந்துவிடும். சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றைச் சுற்றி இருக்கும். வெளியிலிருந்து சிவப்பணுக்களை ஏற்றினால் சிறுநீரகம் ‘நிறைய இருக்கிறது’ என்று கணக்கிட்டு இபிஓவைக் குறைக்கும், மஜ்ஜை அடங்கும், பிஞ்சுகள் குறையும். ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள்: லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபினோ, அதிலிருந்து ரெட்டிகுலோசைட் சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஒருவருக்கு 145 கிராமும் 1 சதவீதமும் இருந்தால் விடை 85. ரத்தம் ஏற்றியபின் 155 ஆகி, பிஞ்சு 0.4க்கு இறங்கினால் விடை 117. பத்தே கிராம் ஏற்றம், விடையில் 32 புள்ளி தாவல். உடல் மறைக்க முடியாத இடம் இது.

2008இல் சைக்கிள் சம்மேளனம் இதை ‘உயிரியல் பாஸ்போர்ட்’ ஆக்கியது. எல்லோருக்கும் பொதுவான 50 என்ற கோட்டை மட்டும் நம்புவதற்குப் பதிலாக, ஒருவரின் ரத்தத்தை அவருடைய பழைய ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். மாதிரி சேரச் சேர அவருக்கான எல்லை குறுகும். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஆம்ஸ்ட்ராங் திரும்பி வருவதாக அறிவித்தார். மறைக்க ஏதுமில்லை என்று தன் ரத்த அளவுகளை இணையத்திலேயே வெளியிட்டார்.

மூன்று வாரப் பந்தயத்தில் உடல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தின் திரவப் பகுதி பெருகும், அதனால் ஹீமோகுளோபின் அடர்த்தி நாளாக நாளாக இறங்கும். 2009 மே மாத ஜிரோவில் ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்படித்தான் இறங்கியது. அந்தப் பந்தயத்தில் அவருக்கு 12ஆம் இடம். ஜூலையில் டூரில் அது இறங்க வேண்டியபடி இறங்கவில்லை. டென்மார்க் ஆய்வாளர் ஒருவர் அந்த ஆண்டே இதைச் சுட்டிக்காட்டினார். வழக்கு எதுவும் அப்போது எழவில்லை.

2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அவருடைய மாதிரிகளை ஆஸ்திரேலிய உடலியல் வல்லுநர் கிறிஸ்டோஃபர் கோரிடம் கொடுத்தது. 2009, 2010 டூர்களில் எடுத்த ஏழு அளவுகளில் பிஞ்சு அணுக்கள் அடங்கிக் கிடந்தன. இயற்கையாக அப்படி நேர வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றார் கோர். பிஞ்சுகள் வேறு காரணத்தாலும் குறையலாம். உயரமான மலையில் பல வாரம் தங்கிவிட்டு இறங்கியவருக்கும் குறையும். அதனால்தான் வல்லுநர்கள் பயணம், நோய், நீரிழப்பு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். சந்தேகம் கணக்காக மாறும் இந்த இடத்தில் நிதானம் தவறக்கூடாது என்றே நானும் நினைக்கிறேன். அந்த ஏழு அளவுகள் மட்டும் அவரை வீழ்த்தவில்லை. 26 பேர் சாட்சி சொன்னார்கள், அவர்களில் 11 பேர் அவருடைய முன்னாள் அணித்தோழர்கள். 2012 அக்டோபரில் ஏழு பட்டங்களும் போயின. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரே முன் அமர்ந்து ஏழு வெற்றிகளிலும் ஊக்கமருந்து இருந்தது என்று ஒப்புக்கொண்டார். திரும்பி வந்த 2009, 2010 ஆண்டுகளில் மட்டும் எதுவும் எடுக்கவில்லை என்றார்.

2005இல் அமெரிக்க உடலியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. 21 வயதிலிருந்து 28 வயதுக்குள் ஆம்ஸ்ட்ராங்கின் தசைகளின் திறன் 8 சதவீதம் கூடியது என்றது அது. அதிசயத்துக்கு விளக்கம் கிடைத்தது என்று பலரும் நிம்மதி அடைந்தார்கள். அளவீடுகள் போதாது என்று எதிர்த்தவர்களில் கோரும் இருந்தார். கட்டுரையாளர் கணக்கில் சிறு பிழை இருந்ததைப் பிறகு ஏற்றுக்கொண்டார். நம்ப விரும்பியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தலையணைப் பக்கத்தில் மஞ்சள் பட்டையை வைத்திருந்தவர்களை எப்படிக் குறைசொல்வது?

மனம் போய் நிற்பது கிறிஸ்டோஃப் பாஸோன்ஸிடம். 1998இல் ஊக்கமருந்து ஊழலில் சிக்கிய ஃபெஸ்டினா அணியில் ஊசியைத் தொடாதவர் என்று சக வீரர்களே சான்று சொன்ன பிரெஞ்சு இளைஞர். 1999 டூரின்போது ஒரு பத்திரிகையில் பத்தி எழுதி, இந்த வேகத்தை நம்ப முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அல்ப் துவே மலைக்குப் போகும் வழியில் ஆம்ஸ்ட்ராங் அவர் பக்கத்தில் வந்து, பேச்சை நிறுத்து, வீட்டுக்குப் போ என்றார். கூட ஓட்டியவர்களும் பேசுவதை நிறுத்தினார்கள். ஓரிரு நாளில், விடியற்காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாஸோன்ஸ் பந்தயத்தை விட்டுப் போனார். ரத்தம் தானாக ஊறிய ஒருவர் அந்த மலைகளில் எந்த இடம் பிடித்திருப்பார் என்பதற்குப் பதிவேடு இல்லை.

இன்று பாஸ்போர்ட்டுக்கு ரத்தம் எடுக்கும் முன் வீரர் பத்து நிமிடம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நடந்தாலே திரவம் இடம் மாறி அளவு பிசகும் என்பதால் அந்த விதி. குழாயைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, கூடவே வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவியையும் அனுப்புவார்கள். பாஸோன்ஸ் பின்னாளில் பிரெஞ்சு விளையாட்டு அமைச்சகத்தில், ஊக்கமருந்துத் தடுப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.