கைது செய்ய முடியாதவர்கள்

2019 ஆகஸ்ட் 27 இரவு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், அமெரிக்கர்கள் பயன்படுத்தும் குரோட்டன் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு கார் வெளியே வந்தது. ஓட்டி வந்த அமெரிக்கப் பெண், சொந்த நாட்டுப் பழக்கத்தில் சாலையின் வலப்பக்கமாகவே போனார். பிரிட்டனிலோ நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் போக வேண்டும். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயது இளைஞர் மீது கார் மோதியது. அவர் பிழைக்கவில்லை. மூன்று வாரம் முடிவதற்குள் அந்தப் பெண் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டார். அவருடைய கணவருக்குத் தளத்தில் வேலை. ஆகவே தூதரகத்தாருக்குரிய சட்ட விலக்கு அவருக்கும் உண்டு என்றது அமெரிக்க அரசு.

அந்தத் தளத்தின் ஊழியர்களைப் பற்றி 1995இல் இரு அரசுகளும் கடிதப் பரிமாற்றத்தின் மூலம் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. பணிக்கு வெளியே செய்யும் குற்றங்களுக்கு ஊழியர்களுக்கு விலக்கு கிடையாது என்பது அதன் சாரம். அவர்களுடைய குடும்பத்தாரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதாவது, அன்றிரவு கணவர் காரை ஓட்டியிருந்தால் வழக்குப் போட்டிருக்கலாம். மனைவி ஓட்டியதால் முடியாது. 2020 ஜூலையில் இரு அரசுகளும் இந்த ஓட்டையை அடைத்தன. ஆனால் அது நடந்து முடிந்த விபத்துக்குப் பொருந்தாது. அந்தப் பெண்ணுக்கு விலக்கு இருந்தது என்றே அதே ஆண்டு நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றமும் சொன்னது.

மகனை இழந்த பெற்றோர் ஓயவில்லை. 2022 அக்டோபரில் அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்தபடியே காணொளி வழியாக லண்டன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார் நீதிபதி. தீர்ப்பு நாளில்கூட அவர் நேரில் வரவில்லை.

இப்படி ஒரு விலக்கு எதற்காக? இலங்கையில் பிடிபட்ட அனுமனைக் கொல்லச் சொன்ன ராவணனிடம், தூதனைக் கொல்வது முறையல்ல என்று வீடணன் தடுத்த கதை நமக்குத் தெரியும். அரசர்களுக்கு இடையே பேச்சு நடக்க வேண்டுமென்றால், பேச வருகிறவர் உயிரோடு திரும்ப வேண்டும். பிரிட்டனில் இதைச் சட்டமாக்கத் தூண்டியது ஒரு கடன் தகராறு. 1708இல் லண்டனில் ரஷ்யத் தூதர் ஆந்திரே மத்வேயெவை அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பிடித்து அடைக்க வைத்தார்கள். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் கொதித்தெழ, தூதர்களைக் கைதுசெய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தக் காப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1979இல் டெஹ்ரான் காட்டியது. அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது சிறைப்பட்டவர்களில் 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள்.

இன்று உலகம் பின்பற்றுவது 1961இல் கையெழுத்தான வியன்னா ஒப்பந்தம். இந்தியா 1972இல் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தப்படி தூதரையோ தூதரக அதிகாரியையோ கைதுசெய்ய முடியாது. குற்ற வழக்கும் தொடர முடியாது. உடன் வசிக்கும் குடும்பத்தாருக்கும் அதே காப்பு. எழுத்தர், தொழில்நுட்பப் பணியாளர் ஆகியோருக்கும் குற்ற வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிவில் வழக்கில் அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே உண்டு. ஓட்டுநர், காவலாளி போன்றோருக்கு எல்லா வழக்கிலும் அலுவல் வேலை அளவுக்குத்தான். விசா கொடுக்கும் துணைத் தூதரகங்களுக்கு 1963இல் வந்த ஒப்பந்தம் வேறு. அங்கே காப்பு இன்னும் குறைவு. கடுமையான குற்றமென்றால் நீதிமன்ற உத்தரவோடு கைதுசெய்யலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. இந்த விலக்கு அதிகாரியின் சொத்தல்ல, அவரை அனுப்பிய நாட்டின் சொத்து. அதிகாரியே விரும்பினாலும் தானாக விட்டுக்கொடுக்க முடியாது. அனுப்பிய அரசு நினைத்தால் ஒரு கடிதத்தில் நீக்கிவிடலாம். ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் கேள்வி கேட்கப்பட வேண்டியது அந்த அரசைத்தான்.

1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரி குடிபோதையில் காரை ஓட்டி, 16 வயதுச் சிறுமியின் சாவுக்குக் காரணமானார். ஜார்ஜியா அப்போது அமெரிக்க உதவியை நம்பியிருந்த சின்ன நாடு. உதவியை நிறுத்த வேண்டும் என்று வாஷிங்டனில் குரல் எழுந்தது. அதிபர் ஷெவர்ட்நாட்ஸே விலக்கை நீக்கினார். அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். சின்ன நாட்டிடம் அமெரிக்கா எதிர்பார்த்ததை, குரோட்டன் விஷயத்தில் அமெரிக்கா தானே செய்யவில்லை. ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை வளைக்கும் பலம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

இந்திய உச்ச நீதிமன்றமும் ஒருமுறை இந்தக் காப்பை உரசிப் பார்த்தது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலின் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்தில் வாழ்ந்தவர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வீரர்கள் இருவரும் தேர்தலில் வாக்களிக்க ஊருக்குப் போய்த் திரும்புவார்கள் என்று இத்தாலியத் தூதர் தானியேலே மன்சினி நீதிமன்றத்தில் உறுதி எழுதிக் கொடுத்தார். 2013 மார்ச்சில் இத்தாலி அவர்களை அனுப்ப மறுத்தது. தூதர் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். தானே முன்வந்து உறுதி கொடுத்தவர் பிறகு விலக்கின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்பது நீதிபதிகளின் நிலை. வியன்னா ஒப்பந்தம் மீறப்படுவதாக இத்தாலி கொந்தளித்தது. சட்ட அறிஞர்களிலும் பலர் அதை ஏற்றார்கள். சில நாட்களில் வீரர்கள் திரும்பி வந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைதானார். வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் பொய்ச் சம்பளம் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. ஆடை களைந்து சோதனையிட்டதைக் கேட்டு நாடே கொதித்தது. டெல்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன்னிருந்த பாதுகாப்புத் தடுப்புகளை அரசு அகற்றியது. அவரை ஐ.நா.வுக்கான இந்தியக் குழுவுக்கு மாற்றி முழு விலக்கு வாங்கித் தந்து, ஜனவரியில் ஊருக்கு அழைத்துக்கொண்டது. சோதனையிட்ட விதம் மீது எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் மணிக்கு 9.75 டாலர் என்று எழுதிவிட்டு 3.31 டாலருக்கு ஒத்துக்கொள்ள வைத்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் பணிப்பெண்ணின் கூலியைப் பற்றி நம் பத்திரிகைகளும் தலைவர்களும் பேசியது மிகக் குறைவு.

உண்மையில் இந்தச் சட்டத்தின் பாரத்தை அதிகம் சுமப்பவர்கள் இப்படிப்பட்ட பெண்கள்தான். வெளியே யாரையும் தெரியாது; விசாவும் முதலாளியோடு கட்டப்பட்டது; வீட்டுக்குள் போலீஸ் நுழையவும் முடியாது. 2022 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இங்கே ஒரு கதவைத் திறந்தது. பணிப்பெண்ணை அடிமைபோல் வைத்து லாபம் பார்ப்பது வணிகச் செயல். வணிகச் செயலுக்குச் சிவில் வழக்கில் ஒப்பந்தத்திலேயே விலக்கு இல்லை என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

ஆஸ்திரேலியாவில் வழி வேறு. ஒப்பந்தப்படி, பதவி முடிந்து கிளம்பிவிட்டால் தனிப்பட்ட செயல்களுக்கான காப்பும் முடிந்துவிடும். கான்பெராவில் இலங்கைத் தூதரகத்தின் துணைத் தலைமையில் இருந்த அதிகாரியின் வீட்டில் 2015 முதல் 2018 வரை வேலை பார்த்த இலங்கைப் பெண் அப்படித்தான் வழக்குப் போட்டார். மூன்றாண்டில் அவருக்குக் கிடைத்த ஓய்வு இரண்டே நாள். அதுவும் சமையலில் கை வெந்துபோனதால். கிடைத்த சம்பளம் மணிக்கு ஒரு டாலர்கூட இல்லை. 2024 ஆகஸ்டில், பாக்கிச் சம்பளமும் வட்டியுமாக 5 லட்சத்து 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் முன்னாள் அதிகாரிக்கு உத்தரவிட்டது.