உங்களுக்குத் தெரியுமா? கல்பாக்கத்தில் ஹைட்ரஜனை மோப்பம் பிடிக்கும் மின்கலம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முறையாகத் தன்னைத்தானே தொடரும் அணுப்பிளவு நிலையை எட்டியது. இந்த உலையில் வெப்பத்தைச் சுமப்பது உருகிய சோடியம்.

அந்த வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் கருவியில் சோடியத்தையும் தண்ணீரையும் பிரிப்பது குழாயின் சுவர் மட்டுமே. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் இரண்டும் வினைபுரிந்து எரிசோடாவும் ஹைட்ரஜனும் உண்டாகும். பிறகு அந்த ஓட்டை தானாகவே அரித்துப் பெரிதாகும். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப நேரம் கிடையாது. உலை ஓடும்போதே, நொடிக்கு நொடி ஹைட்ரஜனை அளந்தாக வேண்டும்.

சோடியத்துக்கு மேலே நிற்கும் ஆர்கான் வாயுவில் ஹைட்ரஜனை அளக்க, கல்பாக்கத்து வேதியியலாளர்கள் எரிபொருள் மின்கலத்தையே உணரியாக்கினார்கள். அருமையான யோசனை! பாலிவினைல் ஆல்கஹாலும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்த படலம். இருபுறமும் உயர் உலோக மின்வாய்கள். ஒருபுறம் வந்து சேரும் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் படலத்தைக் கடந்து, மறுபுறத்து ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராகிறது. எலக்ட்ரான் வெளிச்சுற்று வழியே ஓடுகிறது. வாகனத்தை ஓட்டும் எரிபொருள் மின்கலத்திலும் நடப்பது இதே வேலைதான். இங்கே தேவை மின்சக்தி அல்ல, செய்தி: ஓடும் மின்னோட்டத்தின் அளவே ஹைட்ரஜனின் அளவைச் சொல்லிவிடும்.

கடும் சூட்டில் ஓடும் சோடியத்துக்குள்ளேயே அளக்க வேறொரு உணரி உண்டு. கால்சியம் புரோமைடும் கால்சியம் ஹைட்ரைடு புரோமைடும் சேர்ந்த திண்மம் அதன் மின்பகுபொருள். நூறு கோடியில் சில பத்துப் பங்கு ஹைட்ரஜன் இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.