இ.எம்.ஐ. இல்லாத க்ரூஸர்: வீரபாண்டி திண்ணையில 12,900 ரூபாய் கணக்கு

வீரபாண்டியில எங்க சித்தப்பா வீட்டுத் திண்ணையில நிக்கிற அந்தப் பச்சை க்ரூஸர் சைக்கிளை நம்ம சேனல் வீடியோவில பார்த்திருப்பீங்க. பெயின்ட், அகல ஹேண்டில்பார், ஸ்பிரிங் சீட்டு எல்லாம் அதுல வந்துச்சு. கணக்குதான் வரல. மாசச் சம்பளத்தில ஓடுற உங்களுக்கு வேண்டியது அதுதானே? அதை இங்க முழுசா எழுதிடுறேன்.

முதல்ல ஆளைச் சொல்லணும். சித்தப்பா பையன். தேனியில ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸ்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 21,500. அவன் ஆசைப்பட்டது சைக்கிளுக்கு இல்ல, க்ரூஸர் மோட்டார் பைக்குக்கு. ஷோரூம்ல போய் உட்கார்ந்து பார்த்துட்டு வந்துட்டான். 1,80,000 லோன், 11 சதவீத வட்டி, மூணு வருஷம். “மாசம் ஆறாயிரத்துக்குள்ளதான் வருது, கட்டிரலாம்ண்ணே”ன்னு சொன்னான்.

கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தேன். இ.எம்.ஐ. 5,893. சம்பளத்தில 27 சதவீதம். மூணு வருஷத்தில கட்டப்போற மொத்தம் 2,12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல, அதுல வட்டி மட்டும் 32,000-ஐத் தாண்டுது. இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ் தனி. வீட்ல அப்பாவோட 100 சிசி வண்டி வேற நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. வேண்டாம்னு நான் சொல்லல. அந்த வயசுல எனக்கு யாராவது சொல்லியிருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன். மூணு மாசம் தள்ளிப் போடு, அதுவரை அந்த 5,893-ஐ எடுத்துத் தனி அக்கவுண்ட்ல போடு, முடியுதான்னு பாருன்னு மட்டும் சொன்னேன்.

அந்த மூணு மாசத்திலதான் சைக்கிள் வந்தது.

நம்ம ஊர்ல பல வீட்ல ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் ஒண்ணு மாட்டுக் கொட்டகைப் பக்கம் சாய்ஞ்சு கிடக்கும். அவன் அக்காவோடதும் அப்படித்தான் கிடந்தது. யூட்யூப்ல எங்கேயோ கலிஃபோர்னியா கடற்கரையில ஓட்டுற க்ரூஸர் சைக்கிளைப் பார்த்திருக்கான். தாழ்ந்த ஃப்ரேம், குண்டு டயர், பின்னால வளைஞ்சு வர்ற ஹேண்டில்பார். அக்கா சைக்கிளும் தாழ்ந்த ஃப்ரேம்தானே, டயரை மாத்தி ஹேண்டில்பாரை மாத்தினா முடிஞ்சதுன்னு நினைச்சான். பட்ஜெட் 6,000 ரூபாய்.

இந்த இடத்தில ஒரு சின்ன வரலாறு. 1930-கள்ல அமெரிக்காவில பெரும் பொருளாதார மந்தம். மோட்டார் சைக்கிளும் காரும் வாங்கக் காசில்லாத காலம். 1933-ல சிகாகோவில இருந்த ஷ்வின் கம்பெனி 2.125 அங்குல குண்டு டயர் போட்ட சைக்கிளைக் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே ஏரோசைக்கிள்னு ஒண்ணு. அதுல மோட்டார் பைக்ல இருக்கிற மாதிரியே பெட்ரோல் டேங்க் இருக்கும், ஆனா உள்ள பெட்ரோல் இருக்காது. வெறும் தகர டப்பா! ஆக, க்ரூஸர் சைக்கிள் பிறந்ததே மோட்டார் பைக் வாங்க முடியாத பையங்களோட ஆசைக்காகத்தான். தம்பிகிட்ட இதைச் சொன்னப்ப, “அப்ப நான் சரியான ஆளுதான்”னு சிரிச்சான்.

1970-கள்ல அதே பழைய ஷ்வின் சைக்கிள்களைக் கலிஃபோர்னியாவில மரின் கவுன்டி பையங்க எடுத்து, வீட்டு ஷெட்டுல பார்ட்ஸ் மாத்தி, பைன் மவுன்டன் மலையில இருந்து கீழே உருட்டி ஓட்டினாங்க. ஒரே இறக்கத்தில பின்பக்க ஹப் பிரேக்ல இருந்த கிரீஸ் புகைஞ்சு போயிடும், ஹப்பைக் கழட்டித் திரும்ப அடைக்கணும். அதனாலேயே அந்த இறக்கத்துக்கு ‘ரீபேக்’னு பேர். 1976-ல அங்க ரேஸே நடந்தது. நாம எம்.டி.பி.ன்னு சொல்ற மலை சைக்கிள் வந்தது அப்படித்தான். இதை ஏன் இழுக்கிறேன்னா, இதுல உங்க பணம் இருக்கு. க்ரூஸரோட சக்கர அளவுதான் 26 அங்குல எம்.டி.பி.க்கும் போச்சு. இது தெரியாம தம்பி காசை விட்டான்.

26-ம் 26-ம் ஒண்ணு இல்ல

அக்கா சைக்கிள் டயர்ல 26 x 1⅜-ன்னு இருந்தது. அவன் கடையில போய் 26 x 2.125 டயர் ரெண்டு, டியூபோட 1,700 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்துட்டான். ரெண்டும் 26 தானே! திண்ணையில உட்கார்ந்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். டயர் ரிம்மில ஏறவே இல்ல.

டயர் பக்கவாட்டில சின்ன எழுத்தில இன்னொரு எண் இருக்கும். 37-590, 57-559 மாதிரி. முதல் எண் டயரோட அகலம், ரெண்டாவது எண் டயர் ரிம்மில உட்கார்ற இடத்தோட விட்டம், ரெண்டும் மில்லிமீட்டர்ல. 26 x 1⅜-க்கு 590. க்ரூஸருக்கும் 26 அங்குல எம்.டி.பி.க்கும் 559. 31 மில்லிமீட்டர் வித்தியாசம். கடைக்காரர்கிட்ட ‘இருபத்தாறு’ன்னு கேட்டா அவர் இருபத்தாறு கொடுப்பார், அவர் மேல தப்பே இல்ல. பின்னால இருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குங்க.

சரி, ரிம்மை மாத்திடலாம்னு முடிவு பண்ணான். பழைய ஃபோர்க்ல குண்டு டயர் நுழையாதுன்னு 1,100 ரூபாய்க்கு ஒரு அகல ஃபோர்க் வேற. அதுக்கப்புறம்தான் ஃப்ரேமோட பின்பக்கத்தை அளந்தான். 2.125 அங்குலம்னா 54 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் அஞ்சு மில்லிமீட்டராவது இடைவெளி விடணும். அக்கா சைக்கிள்ல அந்த இடம் இல்ல. ஃப்ரேமை அகலப்படுத்த முடியாது. அந்த ஃபோர்க் இன்னைக்கும் பரண்லதான் கிடக்கு.

கடைசியா 1,500 ரூபாய்க்கு ஒரு பழைய சிங்கிள் ஸ்பீடு எம்.டி.பி. கிடைச்சது. பெயின்ட் உரிஞ்சு, சீட் கிழிஞ்சு இருந்தாலும் ஃப்ரேம் நேரா இருந்தது. 559 ரிம். வாங்கி வச்ச டயர் அப்படியே உட்கார்ந்துச்சு. முதல் மூணு ஞாயித்துக்கிழமை போனதுக்கு அப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பம்.

பழைய சைக்கிள் வாங்கும்போது ஒரு விஷயம். விக்கிறவர் யாருன்னு தெரிஞ்சு வாங்குங்க, ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோங்க. திருட்டு சைக்கிளா இருந்தா 1,500 ரூபாயோட போகாது.

செலவு ஏறின விதம்

நோட்டுல இருக்கிறதை அப்படியே சொல்றேன். சைக்கிள் 1,500, டயர் டியூப் 1,700. 22 பல் ஃப்ரீவீலும் செயினும் 550. பெடல் அச்சு செட்டும் பெடலும் 650. முன்னும் பின்னும் வி-பிரேக், கேபிள், லீவரோட 900. வளைஞ்ச ஹேண்டில்பார் 850. அகல சீட் 750. மட்கார்டு, கிரிப், மணி, ஸ்டாண்டு சேர்த்து 900. பவுடர் கோட்டிங் 1,200. பால்ரஸ், கிரீஸ், போக்ஸ் கம்பின்னு சில்லறையா 350. கூட்டினா 9,350.

அதோட முடியல. கோன் ஸ்பேனர், செயின் கட்டர், போக்ஸ் சாவி, ஃப்ரீவீல் கழட்டுற டூல், பம்ப் எல்லாம் 2,450. வீணாப் போன ஃபோர்க் 1,100. மொத்தம் 12,900. பட்ஜெட் 6,000, ஞாபகம் இருக்கா?

ஆக, ‘நாமே செஞ்சா மலிவு’ங்கிற பேச்சை விட்டுடுங்க. முதல் சைக்கிள் மலிவா வராது. வீட்ல டூல்ஸ் இருந்து, பக்கத்தில கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச சைக்கிள் கடை அண்ணன் பொறுமையாச் சொல்லிக் கொடுத்தா கொஞ்சம் குறையும். தம்பிக்கு அந்த அண்ணன் கிடைச்சார், அது அதிர்ஷ்டம்.

எதுல காசு போடணும்ங்கிற வரிசையில மட்டும் தம்பி தப்பு பண்ணல. பிரேக், சக்கரம், பால்ரஸ் முதல்ல. பெயின்ட் கடைசி. பலர் தலைகீழா பண்ணுவாங்க, பளபளன்னு ஃப்ரேம் வந்துடும், அப்புறம் பிரேக்குக்குக் காசு இருக்காது. வெல்டிங் பட்டறையில கொடுத்து ஃபோர்க்கை நீட்டி சாப்பர் மாதிரி ஆக்கலாம்னு ஒரு யோசனையும் இருந்தது, நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். ஃபோர்க் ஒடிஞ்சா விழப்போறது முகம். ஃப்ரேமும் ஃபோர்க்கும் வெட்டாத, ஒட்டாததா இருக்கட்டும். மத்த எதை வேணா மாத்திக்கோங்க.

22 பல் ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கில சைக்கிள் ஓட்டினவங்களுக்கு இது தெரியும். முல்லைப் பெரியாறு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு வந்து தேனிப் பக்கம் போகுது. அப்படின்னா தேனிக்குப் போறப்ப மெல்லிசா இறக்கம், திரும்பி வர்றப்ப மெல்லிசா ஏத்தம். அது போதாதுன்னு தென்மேற்குப் பருவக் காத்து. வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் கணவாய் வழியா அடிச்சு நொறுக்கும். காத்தாலைகள் இந்தப் பக்கம் சும்மா நிக்கல.

தம்பிக்கு வீரபாண்டியில இருந்து ஆபீஸ் சுமார் எட்டு கிலோமீட்டர். காலையில காத்து முதுகில, ராஜா மாதிரி போவான். சாயங்காலம் அதே காத்து நெஞ்சில. க்ரூஸர்ல நிமிர்ந்து உட்காருவோம், அதனால உடம்பு முழுக்கப் பாய்மரம் மாதிரி காத்தைப் பிடிக்கும். வேகம் கூடக் கூடக் காத்தோட எதிர்ப்பு அதைவிட வேகமாக் கூடும். பழைய 18 பல் ஃப்ரீவீலோட முதல் நாள் திரும்பி வந்தவன் தண்ணி குடிக்கக்கூடப் பேசாம உட்கார்ந்துட்டான். முன்னால 44 பல், பின்னால 18-ன்னா பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் 2.44 சுத்து. 22 போட்டா சரியா ரெண்டு சுத்து. வேகம் குறையும், முழங்கால் பிழைக்கும். அந்த மாத்தத்துக்கு ஆன செலவு பவுடர் கோட்டிங்ல பாதிகூட இல்ல.

இப்ப வாரத்தில மூணு நாள் சைக்கிள், மூணு நாள் அப்பா வண்டி. மாசம் 400 கிலோமீட்டர் சொச்சம், வண்டி லிட்டருக்கு 50 கொடுக்குது, பெட்ரோல் 850 ரூபாய் பக்கம் ஆகும். சைக்கிளால அதுல பாதி மிச்சம், 420-ன்னு வச்சுக்கோங்க. 12,900-ஐத் திரும்ப எடுக்க ரெண்டரை வருஷம் ஆகும். பெட்ரோலுக்காக இதைச் செய்யாதீங்க.

அப்ப லாபம் எங்கே? அந்தத் தனி அக்கவுண்ட்ல. ஒன்பது ஞாயித்துக்கிழமை கையில கிரீஸோட இருந்ததுல ஷோரூம் பக்கமே போகல. மூணு மாசம் முடிஞ்சப்ப 17,679 ரூபாய் சேர்ந்திருந்தது. சைக்கிள் செலவை அதுல இருந்துதான் எடுத்தான், மிச்சம் 4,779. இப்ப மாசம் 3,000 ஆர்.டி. போட்டிருக்கான். இ.எம்.ஐ. எடுக்கலங்கிறதை மட்டும் சேமிப்புன்னு எழுதிக்காதீங்க. எடுக்காத பணம் பிரியாணிக்கும் போனுக்கும் போயிடும்.

“வேலையை விட்டுடவாண்ணே?”

இதுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். சைக்கிளைப் பார்த்துட்டு ஆபீஸ்ல ஒருத்தர் 12,000 தர்றேன்னு சொல்லிட்டார். தம்பிக்குத் தூக்கம் போச்சு. பார்ட்ஸ் 9,350, விலை 12,000, ஒரு சைக்கிளுக்கு 2,650 லாபம், மாசம் பத்து பண்ணா 26,500, சம்பளத்தைவிட ஜாஸ்தி! ரெண்டு லட்சம் பர்சனல் லோன் போட்டு ஷெட் போடலாம்னு பிளானும் போட்டுட்டான்.

நான் ஒரே கேள்விதான் கேட்டேன். எத்தனை மணி நேரம் ஆச்சு? எண்ணிப் பார்த்தா 46. அப்ப 2,650-ஐ 46-ஆல வகுத்தா மணிக்கு 58 ரூபாய்கூட வரல. ஆபீஸ்ல மாசம் 26 நாள், எட்டு மணி நேரம்னு போட்டா மணிக்கு 103. அவன் வெறுத்துப் போன அந்த மில் வேலை, அவன் ஆசைப்படுற வேலையைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கொடுக்குது. மாசம் பத்து சைக்கிள்னா 460 மணி நேரம். ஞாயித்துக்கிழமை லீவு இல்லாம தினம் பதினஞ்சு மணி நேரம்.

கை பழகினா நேரம் குறையும், உண்மைதான். ரெண்டாவது சைக்கிள் 22 மணி நேரத்தில முடிஞ்சா மணிக்கு 120 வரும். ஆனா அதே விலைக்கு வாங்க மாசம் பத்து பேர் வேணும். பழைய ஃப்ரேம் பத்து கிடைக்கணும். வித்த சைக்கிள்ல பிரேக் பிடிக்கலன்னா திண்ணைக்குத்தான் வருவாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கும் பார்ட்ஸுக்கும் ஜி.எஸ்.டி. 12-ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. பார்ட்ஸ் விலைக்கு அது நல்லதுதான், ஆனா கம்பெனி சைக்கிளும் அதே அளவு குறையுது.

முகம் சுருங்கிடுச்சு. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் அவனே வந்து, லோன் வேண்டாம், ஆர்டர் வந்தா மட்டும் பண்றேன், பாதிப் பணம் முன்னாடி வாங்கிக்கிறேன், நேரத்தையும் நோட்டுல எழுதுறேன்னான்.

பச்சை சைக்கிளை அவன் விக்கல. 12,000 தர்றேன்னவருக்கு விலை 13,500-ன்னு சொன்னான். அவர் ஒரு வாரம் யோசிச்சு 6,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கார். ஃப்ரேம் கிடைச்சாச்சு, 559 ரிம்தான், இந்தத் தடவை முதல்ல அளந்துட்டுத்தான் வாங்கினான். நோட்டுல இதுவரைக்கும் ஒன்பது மணி நேரம் எழுதியிருக்கு.