பேட்டரி தீர்ந்த காரின் கதவைத் திறப்பது எப்படி?

இன்றைய காரில் ரிமோட் சாவியின் பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு கதவின் உள்ளேயும் பொருத்தப்பட்டிருக்கும் சிறு மின்மோட்டார் இயங்கிப் பூட்டை விடுவிக்கிறது. ‘சென்ட்ரல் லாக்கிங்’ எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு மின்சாரம் தருவது காரின் 12 வோல்ட் பேட்டரி என்பதால், அது முற்றிலும் தீர்ந்துவிட்டால் ரிமோட் நல்ல நிலையில் இருந்தாலும் கதவு திறப்பதில்லை. பெரும்பாலான கார்களில் பேட்டரி பானட்டின் அடியில் இருக்க, பானட்டைத் திறக்கும் பிடி காருக்குள் இருப்பதால், முதலில் கதவைத் திறந்தாக வேண்டும்.

தீர்ந்திருப்பது எந்த பேட்டரி என்பதை முதலில் அறிவது நல்லது. ரிமோட்டுக்குள் 3 வோல்ட் தரும் நாணய வடிவ பேட்டரி ஒன்று உண்டு. மாற்றுச் சாவியின் ரிமோட்டுக்குக் கதவு திறந்தால் குறை அந்தச் சிறு பேட்டரியில் இருக்கிறது, இரண்டுக்கும் அசையாமல் விளக்கும் மின்னாமல் இருந்தால் பெரும்பாலும் காரின் பேட்டரியே தீர்ந்திருக்கிறது.

இரண்டு நிலையிலும் கைகொடுப்பது உலோகச் சாவிதான். சாவித்தண்டு வெளியே தெரியாத ‘ஸ்மார்ட் கீ’ வகை ரிமோட்டிலும், பக்கவாட்டிலுள்ள சிறு தாழை நகர்த்தினால் உள்ளே செருகியிருக்கும் உலோகச் சாவி வெளிவரும். சாவித்துளை பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டுமே இருக்கும்; சில கார்களில் கைப்பிடியின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருப்பதால், மூடியின் அடியிலுள்ள பிளவில் சாவிமுனையை நுழைத்து மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். துளையில் சாவியைத் திருப்பும்போது கம்பி அல்லது கேபிள் வழியாகப் பூட்டு நேரடியாக விடுபடுகிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. மற்றக் கதவுகளை உள்ளிருந்து திறந்துகொள்ளலாம்.

பானட்டைத் திறந்தபின், மற்றொரு காரின் பேட்டரியிலிருந்து கேபிள் மூலம் மின்சாரம் பெறும் ‘ஜம்ப் ஸ்டார்ட்’ முறையைக் கையாளலாம். சிவப்புக் கேபிளைத் தீர்ந்த பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு உதவும் பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டி, கறுப்புக் கேபிளை உதவும் பேட்டரியின் எதிர்முனையில் இணைத்து, அதன் மறுமுனையைப் பழுதான காரின் என்ஜினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால், கடைசி இணைப்பில் எழும் தீப்பொறி அதற்கு அருகில் இருக்கக் கூடாது. மின்சாரம் மீண்டதும் திருட்டு எச்சரிக்கை ஒலித்தால், ரிமோட்டால் அதை நிறுத்தலாம்.

மின்சாரக் கார்களிலும் கதவுப் பூட்டு இயங்குவது பல நூறு வோல்ட் கொண்ட பெரிய பேட்டரியால் அல்ல, தனியாக உள்ள குறைந்த மின்னழுத்த பேட்டரியால்தான். சாவித்துளையே இல்லாத டெஸ்லா மாடல் 3 காரில், முன்பம்பரிலுள்ள சிறு மூடிக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள் வைக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து அவற்றுக்கு 12 வோல்ட் கொடுத்தால் முன்மூடி திறந்து பேட்டரியை அடைய முடிகிறது.

நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரமும் எச்சரிக்கைக் கருவியும் சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சுகின்றன: 50 மில்லி ஆம்பியர் தொடர்ந்து செலவானால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 37 நாட்களில் முழுதும் காலியாகிவிடும். நெடுநாள் பயன்படாத சாவித்துளை துருவேறி இறுகுவதும் உண்டு. ஆகவே கார் வைத்திருப்போர், பேட்டரி நன்றாக இருக்கும்போதே உலோகச் சாவியால் கதவை ஒருமுறை திறந்து பழகிக்கொள்ள வேண்டும். மாற்றுச் சாவியை ஒருபோதும் காருக்குள் வைக்கக் கூடாது.