குழந்தைகளின் பாதுகாப்பில் ஊராரின் பங்கு

நாட்டின் செல்வங்களுள் தலைசிறந்தது மக்கட் செல்வமே என்பதை மறுப்பார் இலர். அங்கன்வாடி, தடுப்பூசி, பள்ளிக்கூடம், சத்துணவு என அச்செல்வத்தைப் பேணுவதற்கு அரசும் ஊராட்சிகளும் பெரும் பொருள் செலவிட்டு வருகின்றன. நோயினின்றும் பசியினின்றும் காக்கப்பெற்ற குழந்தை, வீட்டிற்கு நூறு அடி தொலைவில் உள்ள கிணற்றில் விழுந்து மாளுமாயின், இத்தனை முயற்சியும் வீணாகின்றது. அவ்வாறு நேரும்பொழுது, விதி என்று கூறி அமைதி கொள்வோர் பலர். தாயின் கவனக்குறைவு என்று பழிப்போரும் உளர். அக்கிணற்றிற்குச் சுவர் எழுப்பாது விட்டவர் யார் என்று கேட்பவரோ அரியர்.

நாம் வெட்டிய குழியை நாமே மூடலாம். அதற்கு விதி குறுக்கே நிற்பதில்லை. நீராலும் குழியாலும் குழந்தைகளுக்கு நேரும் தீங்குகளைத் தடுக்கப் பெற்றோரும் ஆசிரியரும் ஊராட்சியினரும் செய்யத்தக்கவை யாவை என்பதை இங்குக் காண்போம்.

இத்தீங்கு சிறியதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் கிட்டத்தட்ட நால்வருக்கு ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

திறந்த கிணறுகள்

தருமபுரி மாவட்டம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. உழவருக்குக் கிணறே உயிர்நாடி. பாறையைத் தகர்த்து அகலமாகவும் ஆழமாகவும் வெட்டப்பட்ட வயற்கிணறுகள் பலவற்றிற்கு நிலமட்டத்திற்கு மேல் சுவர் இல்லை. வரப்பில் நடந்து வருபவர் நேரே கிணற்றின் விளிம்பிற்கு வந்துவிடுவார். மழைக்காலத்தில் விளிம்பில் புல் மண்டிவிட்டால், கிணறு இருப்பதே தெரியாது.

2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பாலக்கோடு வட்டம் பஞ்சப்பள்ளிக்கு அருகே காட்டு யானை ஒன்று இத்தகைய கிணற்றில் விழுந்தது. வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் கிரேன் கொண்டு பல மணி நேரம் பாடுபட்டு அதனை உயிருடன் மீட்டனர். அத்துணைப் பெரிய விலங்கையே தடுக்க இயலாத கிணற்று விளிம்பு, ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடும் நான்கு வயதுச் சிறுவனை எங்ஙனம் தடுக்கும்?

கிணற்றைச் சுற்றி மூன்று அல்லது நான்கு அடி உயரத்தில் சுவர் எழுப்புதலே நிலையான காப்பு. உடனே பொருள் திரட்ட இயலாதவர், விளிம்பினின்று சற்றுத் தள்ளிக் கிளுவை நட்டு உயிர்வேலி அமைத்து, அது வளரும் வரை முள்வேலி இடலாம். மேலும், முடிச்சிட்ட வடக்கயிறு ஒன்றைக் கிணற்றுக்குள் எப்பொழுதும் தொங்கவிடுதலும், காற்றடைத்த பழைய லாரி டியூப் ஒன்றை மோட்டார்க் கொட்டகையில் வைத்திருத்தலும் பெருஞ்செலவு இல்லாத ஏற்பாடுகள்.

ஆழ்துளைக் கிணறுகள்

நீர்மட்டம் தாழத் தாழ, வெட்டுக் கிணறுகளின் இடத்தை ஆழ்துளைக் கிணறுகள் பிடித்துக்கொண்டன. கடன் வாங்கிப் போர் போட்டு நீர் காணாத உழவரின் மனநிலையை நாம் அறிவோம். போட்ட பணத்தில் ஒரு பகுதியேனும் மிஞ்சட்டும் என்று கேசிங் குழாயை உருவிக்கொள்கின்றார். குழாய் நீங்கியதும் வாய்ப்பகுதி மண் சரிந்து துளை அகலமாகின்றது. ஒரு சாக்கையோ கல்லையோ அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விடுகின்றார். சாக்கு மக்கிவிடும், கல்லை யாரேனும் எடுத்துவிடுவர், மேலாகக் கொட்டிய மண்ணோ ஒரு மழையில் உள்ளிறங்கிவிடும்.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. முதலில் முப்பது அடிக்குள் சிக்கியிருந்த குழந்தை, பின்னர் ஏறத்தாழ 88 அடி ஆழத்திற்கு இறங்கிவிட்டது. அருகே மற்றொரு குழி தோண்டும் பணியைக் கடினப் பாறை தடுத்தது. நான்காம் நாள் கடந்து, 29-ஆம் நாள் விடியுமுன் உயிரற்ற உடலையே எடுக்க முடிந்தது.

2006-ஆம் ஆண்டு ஜூலையில் அரியானா மாநிலம் குருச்சேத்திர மாவட்டத்திலும், 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் சங்கரன்கோவிலுக்கு அருகேயும் இவ்வாறு விழுந்த சிறுவர்கள் உயிருடன் மீட்கப்பட்டனர் என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய மீட்பை நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தளம் அரக்கோணத்தில் உள்ளது. நம் மாவட்டத்தின் பாறையோ மணப்பாறையினும் இளகியதன்று.

உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் இதற்கென விதிகளை வகுத்தது. போர் போடுவதற்கு 15 நாட்களுக்கு முன்னரே நிலவுடைமையாளர் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பதிவு பெற்ற நிறுவனமே தோண்டுதல் வேண்டும். பணி நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகையும் கம்பி வேலியும் அமைத்தல் வேண்டும். குழாயைச் சுற்றி 0.50 மீட்டர் நீளமும் 0.50 மீட்டர் அகலமும் 0.60 மீட்டர் உயரமும் கொண்ட சிமெண்டு மேடை, பாதி நிலத்திற்குள்ளும் பாதி வெளியிலுமாக இருத்தல் வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகடு பற்றவைத்தோ, திருகாணியிட்ட உறுதியான மூடி கொண்டோ அடைத்தல் வேண்டும். மோட்டார் பழுது பார்க்கும் வேளையிலும் வாயைத் திறந்து விட்டுச் செல்லலாகாது. கைவிடப்பட்ட துளையை அடி முதல் தரைமட்டம் வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்புதல் வேண்டும். தமிழ்நாட்டிலும் 2015-ஆம் ஆண்டு முதல் ஊராட்சிப் பகுதிகளுக்கெனத் தனி விதிகள் உள்ளன. அவற்றின்படி முன் அனுமதி பெறுதல் இன்றியமையாதது.

துளையை நிரப்பப் பொருள் தேடி அலைய வேண்டுவதில்லை. தோண்டும்பொழுது வெளிவந்த கற்பொடி பெரும்பாலும் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும். மழைநீரை நிலத்தினுள் செலுத்த அத்துளையைப் பயன்படுத்த விரும்புவோர், உறுதியான மூடியும் வடிகட்டும் தொட்டியும் அமைத்துக்கொள்ளலாம்.

வீட்டினுள்ளும் வெளியிலும்

நீரால் வரும் தீங்கு கிணற்றோடு நிற்பதில்லை. தவழும் குழந்தையும் தளர்நடை பயிலும் குழந்தையும் தலைப்புறம் கனத்தவை. வாளியிலோ அண்டாவிலோ தலைகீழாகக் கவிழ்ந்தால் தாமே எழ மாட்டா. சில அங்குல நீரே போதும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மூழ்கும் குழந்தை கூவி அழும் என்று எண்ணுதல் தவறு. பெரும்பாலும் ஓசையே எழுவதில்லை. ஆதலின் பயன்படுத்திய வாளியைக் கவிழ்த்து வைத்தலும், தரைத்தொட்டிக்குப் பூட்டுள்ள மூடி இடுதலும், மாட்டுத் தொட்டியின் அருகே குழந்தையைத் தனியே விடாதிருத்தலும் வேண்டும்.

ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்களும், கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழிகளும் மழைக்குப் பின் நிரம்பிவிடுகின்றன. கரையில் முழங்காலளவு நீர் இருக்க, அடுத்த அடியிலேயே ஆள் உயரத்திற்கு மேற்பட்ட ஆழம் இருக்கும். காவிரிக் கரையினரும் ஒகேனக்கல் செல்வோரும் ஒன்றை மறத்தலாகாது: நம் பகுதியில் ஒரு துளி மழை பெய்யாத நாளிலும், மேலே கர்நாடக அணைகளில் திறக்கும் நீரால் ஆறு பெருகக்கூடும். நீர்வரத்து உயரும்பொழுது குளிக்கவும் பரிசல் செல்லவும் மாவட்ட நிர்வாகம் விதிக்கும் தடையைப் பிள்ளைகளும் பெரியோரும் ஒருங்கே மதித்தல் வேண்டும்.

பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரம்

பெற்றோர் எந்நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. காலையில் சமையலும் களையெடுப்பும் பால் கறத்தலும் ஒருசேர வந்துவிடுகின்றன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர், பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியிடம் விட்டுச் செல்வதும் நம் மாவட்டத்தில் வழக்கமாயிற்று. முதியோரின் அன்பு பெரிது. ஆயின் ஓடும் பிள்ளையின் பின்னே ஓட அவர்தம் கால்கள் இடந்தாரா.

நீர்நிலைகள் மிகுந்த வங்காளதேசத்தில், ஒன்று முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளைக் காலை வேளையில் ஊர்ப் பொதுக் காப்பிடத்தில் வைத்துப் பேணினர். அதன் பயனாக, அவ்வயதினரில் மூழ்கி இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. நமக்கோ புதிதாக எதுவும் தொடங்க வேண்டுவதில்லை. ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கின்றது. குழந்தையை நாள் தவறாது அங்கு அனுப்புதல் உணவிற்காகவும் கல்விக்காகவும் மட்டுமன்று, உயிர்க்காப்பிற்காகவும் ஆகும். அங்கன்வாடிக்கு அருகே கிணறோ குழியோ இருப்பின், அதனை மூடுவதே ஊராட்சியின் முதல் வேலையாதல் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

பள்ளிக்கு வரும் வழியில் உள்ள கிணறு, குழி, ஓடை ஆகியவற்றை மாணவர்களைக் கொண்டே குறித்து ஒரு படம் வரையச் செய்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கலாம். கோடை விடுமுறைக்கு முன் ஒரு வகுப்பை இதற்கென ஒதுக்கலாம். முற்காலத்தில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறிட்டு, பெரியவர் ஒருவர் கரையில் நின்று நீச்சல் பழக்கினர். அம்முறையில் இருந்த மேற்பார்வை இன்று அருகிவிட்டது. ஆறு வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, மேற்பார்வையுடன் நீச்சல் பழக்குதல் நன்று.

தோழன் மூழ்கும்பொழுது தானும் குதித்து இருவராய் மாள்வது அடிக்கடி கேட்கும் செய்தி. குதித்தலாகாது, உரக்கக் கூவிப் பெரியோரை அழைத்தல் வேண்டும், கயிறு, புடவை, நீண்ட கழி, வாய் மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன் ஆகியவற்றில் கிடைத்ததை நீட்டவோ எறியவோ வேண்டும். இதனைப் பிள்ளைகள் மனத்தில் பதிய வைத்தல் ஆசிரியர் கடமை.

ஆபத்து நேர்ந்துவிடின்

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுதலும் வயிற்றை அமுக்குதலும் பயனற்றவை, தீங்கும் விளைவிக்கும். மூச்சு இல்லையெனின் கடினமான தரையில் மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுதல் வேண்டும். பின்னர் மார்பின் நடுவே, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்னும் வேகத்தில் 30 முறை அமுக்கி, 2 முறை ஊதி, இவ்வாறே 108 ஊர்தி வரும் வரை தொடர்தல் வேண்டும். குழந்தை கண் விழித்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாதிருத்தல் கூடாது.

ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டால், உடனே 101-க்கும் 108-க்கும் தெரிவித்து, கூட்டத்தையும் வண்டிகளையும் விலக்குதல் வேண்டும். அதிர்வினால் மண் சரியும், குழந்தையும் கீழிறங்கும். பயிற்சி பெற்றோர் வரும் முன் தாமாகவே பொக்லைன் கொண்டு தோண்டலாகாது.

கிராம சபையின் கடமை

அடுத்த நிலத்துக்காரர் போரை மூடாது விட்டிருப்பதை அறிந்தும், பங்காளி என்றும் வேண்டியவர் என்றும் எண்ணி வாளாவிருத்தல் நம்மிடையே உள்ள பெருங்குறை. கிராம சபையே இதற்கு மாற்று. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகின்றது. கோடைக்கு முன் வரும் மார்ச்சுக் கூட்டத்தில், ஊரிலுள்ள திறந்த கிணறுகள், பயனற்ற போர்கள், பள்ளங்கள் ஆகியவற்றின் பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றிற்கும் மூடும் பொறுப்பாளரையும் நாளையும் தீர்மானத்தில் எழுதலாம். மே கூட்டத்தில் அதே பட்டியலை மீண்டும் படித்தால், முடிந்தவை எவை, எஞ்சியவை எவை என்பது தெரிந்துவிடும். ஊரே கூடிப் படிக்கும் பட்டியலில், ஒருவர் மற்றவர் மீது குறை கூறினார் என்ற மனத்தாங்கலுக்கு இடமில்லை.

ஒரு போரை மூட அரை நாள் உழைப்பு போதும். ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அவ்வரை நாளை இந்த வாரத்திலேயே ஒதுக்கித் தம் ஊரின் முதற் குழியை மூட முன்வருவார்களாக.