தீமையை நன்மையால் வெல்லுதல் (கிறித்தவ அறநெறி)

தீமையை நன்மையால் வெல்லுதல் என்பது, தமக்கு அநீதி இழைத்தவரிடம் பழிவாங்காமல் நடந்துகொள்ள வேண்டும் என்னும் கிறித்தவ அறநெறியாகும். இயேசுவின் மலைப்பொழிவும், பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 12-ஆம் அதிகாரமும், பேதுருவின் முதல் மடலும் இதற்கு அடிப்படையாகும். இந்நெறி வரலாற்றில் கடைப்பிடிக்கப்பட்டதற்கு அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சி ஓர் எடுத்துக்காட்டாகும்.

பொருள்

இந்நெறியில் மூன்று கூறுகள் உள்ளன. பதிலுக்குத் தீங்கு செய்யாதிருத்தல் முதலாவது. தீங்கு செய்தவரின் நலனையும் நாடுதல் இரண்டாவது. உண்மையை மறைக்காதிருத்தல் மூன்றாவது. மூன்றாவது கூறு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. விசாரணையின்போது கன்னத்தில் அறையப்பட்ட இயேசு, திருப்பி அடிக்கவில்லை. ஆனால் அடித்ததற்குக் காரணம் கேட்டார். முறையற்ற வழக்கில் சிக்கிய பவுல், உரோமைக் குடிமகன் என்ற உரிமையைப் பயன்படுத்திப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். எனவே பொறுமை என்பது வாய்மூடி இருப்பது அன்று.

ஏலாக்குறிச்சி

தஞ்சை மராட்டிய அரசர் ஷாஜியின் ஆட்சியில், 1701-இல் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பாளையம் தனி ஆட்சியாக இருந்ததால், அங்குள்ள ஏலாக்குறிச்சி அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குப் புகலிடமாயிற்று. திருக்காவலூர் என்ற பெயரும், அங்குள்ள அடைக்கல மாதா என்ற பெயரும் இதனை நினைவூட்டுகின்றன.

இவ்வூரில் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. தமிழகம் வந்த சில ஆண்டுகளிலேயே, 1714–15 காலத்தில், மரண தண்டனையிலிருந்து அவர் மயிரிழையில் தப்பினார். அதன் பின்னும் நாட்டை விட்டுச் செல்லாமல் தமிழை ஆழ்ந்து கற்றார். தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் ஆகியவை அதன் பின்னரே வந்தன. ஏலாக்குறிச்சி அன்னையின் மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். நம்பிக்கைக்காக உயிர்விட்ட கன்னியின் கதையைக் கித்தேரியம்மாள் அம்மானையாக்கினார். தம்மைக் கொல்லத் துணிந்த மண்ணுக்கு அவர் கொடுத்தவை இந்நூல்கள்.

மன்னிப்பும் சட்டமும்

1999 சனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்சும் அவருடைய இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னிப்பதாக அறிவித்தார். தொழுநோயாளர் பணியையும் தொடர்ந்தார். அதே வேளையில் வழக்கு நடந்தது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு, தண்டிப்பது அரசின் கடமை என்ற வேறுபாட்டை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது.

திறனாய்வு

ஒடுக்கப்பட்டவரிடம் மட்டும் பொறுமையைக் கற்பித்தால், இந்நெறி ஒடுக்குவோருக்கே துணைபோகும் என்பது தலித் கிறித்தவச் சிந்தனையாளர்களின் கருத்து. இதற்குச் சான்று திருச்சபைக்குள்ளேயே உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

வெளியிலும் சிக்கல் உள்ளது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அவ்வாணை திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் இக்கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஆணை வெளியான ஆகஸ்டு 10-ஐக் கருப்பு நாளாகக் கடைப்பிடித்தும், உச்சநீதிமன்றத்தை நாடியும் அவர்கள் தம் கோரிக்கையை எழுப்பி வருகின்றனர்.

நடைமுறையில்

கூலி குறைக்கப்பட்ட வயல் தொழிலாளி தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுப்பதும், மதிப்பெண் குறைந்த மாணவர் மறுமதிப்பீடு கோருவதும் இந்நெறிக்கு முரணானவை அல்ல. பொய்க் குற்றச்சாட்டு, அவதூறு, வன்முறை ஆகியவற்றைக் கையில் எடுப்பதையே இது விலக்குகிறது. வழக்கு முடிந்த பிறகும் எதிராளியின் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வரும் அளவுக்கு மனத்தில் இடம் வைத்திருப்பதே இந்நெறியின் நோக்கம்.