குரோய்டன் சுவர்களில் ஒரு திசை: புவிநிலைச் செய்மதிகளும் அவற்றின் வணிகமும்

மேற்குக் குரோய்டன் புகையிரத நிலையத்திலிருந்து இலண்டன் வீதி வழியாகத் தோர்ன்டன் ஹீத் பக்கம் நடந்து போகிறவர்கள் தமிழ்க் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்ப்பார்கள். கொஞ்சம் மேலே பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வீட்டுச் சுவர்களில் பொருத்தியிருக்கும் டிஷ்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் முகம் காட்டி நிற்கின்றன. தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 25 பாகை உயரத்தில் இருக்கும் ஒரு புள்ளி அது. பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 28.2 பாகையில் நிற்கும் அஸ்ட்ரா செய்மதிகளை அவை பார்த்துக்கொண்டிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இதே டிஷ் ஏறக்குறைய வானத்தை அண்ணாந்து பார்க்கும்.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வணிகம் இப்போது பெரிய மாற்றத்தில் இருக்கிறது. அந்த மாற்றம் நம்மையும் தொடுகிறது என்பதால் இக்கட்டுரை. (ஈழத்தில் செய்மதி என்பதைத் தமிழகத்தில் செயற்கைக்கோள் என்பர்.)

அசையாமல் நிற்பது எப்படி?

ஒரு செய்மதி பூமியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே அது பூமியைச் சுற்றும் நேரம் அமையும். 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றவும் அதே நேரம்தான். ஆகவே பூமத்திய ரேகைக்கு நேர் மேலே அந்த உயரத்தில் சுற்றும் செய்மதி, விநாடிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும், கீழே இருப்பவருக்கு நின்ற இடத்தில் நிற்பது போலவே தெரியும். டிஷ்ஷை ஒருமுறை திருப்பிப் பூட்டிவிட்டால் போதும்.

இந்தப் பாதையைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று விரிவாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிரித்தானிய விமானப் படையில் இருந்தபோது, 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அவர் காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. 1956இல் இலங்கைக்குப் போய்க் குடியேறி, 2008இல் கொழும்பில் காலமானார். 1975இல் இந்தியா ஏ.டி.எஸ்.-6 செய்மதி வழியாக 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டியபோது, கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் ஒரு பெரிய டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள். தான் எழுதியதைத் தன் வீட்டிலேயே பார்க்கும் பேறு எழுத்தாளர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இடமும் வாடகையும்

இந்த வணிகத்தில் விற்கப்படுவது இரண்டு: வானில் ஓர் இடம், அலைவரிசையில் ஒரு துண்டு. இடம் என்பது அளவானது. செய்மதிகள் மிக நெருங்கி நின்றால் ஒன்றின் அலை மற்றதைக் குழப்பும். அதனால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் பதிவு செய்துதான் இடம் பெறவேண்டும். குரோய்டன் டிஷ்கள் பார்க்கும் அந்த இடத்துக்கே ஒரு வழக்கு நடந்தது. அங்குள்ள சில அலைவரிசைகள் யாருக்கு என்று லக்சம்பர்க்கின் எஸ்.ஈ.எஸ். நிறுவனமும் பாரிசின் யூட்டெல்சாட் நிறுவனமும் மோதிக்கொண்டு, 2014 ஜனவரியில் உடன்பாட்டுக்கு வந்தன. காணிச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல.

ஒரு செய்மதியைக் கட்டி, ஏவி, காப்புறுதி செய்யப் பல நூறு மில்லியன் டொலர் வேண்டும். அது பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். முதலில் முழுச் செலவு, பிறகு நீண்ட கால வாடகை. ஏறக்குறைய ஒரு தோட்டம் வைப்பது மாதிரி. தொலைக்காட்சி நிறுவனங்கள் பத்து ஆண்டு ஒப்பந்தம் போட்டதால் முதலீட்டாளர்களுக்கு இது பாதுகாப்பான வருமானமாகத் தெரிந்தது.

தமிழர்கள் உள்ளே வந்தது எண்முறை ஒளிபரப்பால். முன்பு செய்மதியின் ஒரு வாங்கியனுப்பியில் ஒரு அலைவரிசைதான் போகும். எண்முறைச் சுருக்கம் வந்தபின் அதே இடத்தில் பத்துக்கு மேல் போயின. ஸ்கை நிறுவனம் 1998 ஒக்டோபர் 1இல் எண்முறைச் சேவையைத் தொடங்கியது. முழு வீட்டை எடுக்க வசதியில்லாதவர் ஓர் அறையை எடுக்கலாம் என்ற நிலை வந்தபோதுதான் இலண்டனிலும் பாரிசிலும் புலம்பெயர் தமிழ்த் தொலைக்காட்சிகள் சாத்தியமாயின.

இழப்பிலும் ஒரு கதை

ஆபத்து நிறைந்த வணிகம் என்பதால் காப்புறுதி இல்லாமல் இது நடவாது. 1984 பெப்ரவரியில் சலெஞ்சர் விண்ணோடத்திலிருந்து விடப்பட்ட வெஸ்டார்-6, பலாபா பி-2 என்ற இரண்டு செய்மதிகளும் உந்துபொறி பழுதாகித் தவறான பாதையில் சிக்கின. காப்புறுதியாளர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுச் செய்மதிகளைத் தமதாக்கிக்கொண்டார்கள். இலண்டன் லொயிட்ஸ் சந்தையினரும் அதில் இருந்தார்கள். அதே நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் போய் இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்தது. 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டையைப் பிடித்தபடி விண்வெளி வீரர்கள் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையிலேயே விற்றார்கள். வெஸ்டார்-6 திருத்தப்பட்டு, 1990 ஏப்ரலில் ஏசியாசாட்-1 என்ற பெயரில் மீண்டும் மேலே போனது. 1991இல் ஸ்டார் தொலைக்காட்சி ஆசியாவுக்குள் வந்தது அதன் வழியாகத்தான். அதைப் பார்த்தே இந்தியாவில் தனியார் தொலைக்காட்சி அலை எழுந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியதும் அந்த அலையில்தான்.

முதல் எங்கே போகிறது?

2010களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து பெரிய புவிநிலைச் செய்மதிகளுக்குக் கட்டளை கொடுத்தார்கள். 2017க்குப் பின் சில ஆண்டுகளில் அது பத்தை எட்டவில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, மக்கள் தொலைக்காட்சியை இணையத்தில் பார்க்கிறார்கள். ஸ்கை நிறுவனமே 2021இல் டிஷ் தேவைப்படாத தொலைக்காட்சிப் பெட்டியை விற்கத் தொடங்கியது. இரண்டு, ஸ்டார்லிங்க். 550 கிலோமீற்றர் அளவு உயரத்தில் பறக்கும் அச்சிறு செய்மதிகள் 2025இல் எட்டாயிரத்தைத் தாண்டின. புவிநிலைச் செய்மதிக்கு ஒரு சொல் போய் இறங்கக் கால் விநாடி ஆகும். முன்பு ஊருக்குத் தொலைபேசி எடுத்து இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் மௌனமான அந்தத் தடுமாற்றம் பலருக்கு நினைவிருக்கும். தாழப் பறப்பவற்றில் அது இல்லை.

ஆகவே பெரிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஏறக்குறைய 15 பில்லியன் டொலர் கடனோடு இன்டெல்சாட் 2020 மேயில் வங்குரோத்துப் பாதுகாப்பு கோரியது. இலண்டனின் இன்மர்சாட்டை அமெரிக்காவின் வயாசாட் 2023 மேயில் வாங்கியது. அதே ஆண்டு யூட்டெல்சாட், இலண்டனில் இயங்கும் தாழ்பாதை நிறுவனமான வன்வெப்போடு இணைந்தது. 2025 ஜூலையில் எஸ்.ஈ.எஸ். 3.1 பில்லியன் டொலருக்கு இன்டெல்சாட்டை வாங்கி முடித்தது.

இடையில் ஒரு விசித்திரமும் நடந்தது. 5ஜி கைத்தொலைபேசிக்காக அமெரிக்க அரசு செய்மதிகளின் அலைவரிசையில் ஒரு பகுதியை எடுத்து ஏலம் விட்டது. அது 2021இல் முடிந்தபோது 81 பில்லியன் டொலர் சேர்ந்தது. இடத்தை விரைவாகக் காலி செய்ததற்காக இன்டெல்சாட்டுக்கு 4.87 பில்லியனும் எஸ்.ஈ.எஸ்.ஸுக்கு 3.97 பில்லியனும் ஒதுக்கப்பட்டன. கடையை நடத்துவதைவிடக் கடைக் காணியை விடுவது இலாபமாக இருந்த காலம் அது.

புவிநிலைச் செய்மதிகள் ஒழிந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. விமானம், கப்பல், படை, ஒரே நேரத்தில் கோடிப்பேர் பார்க்கும் ஒளிபரப்பு ஆகியவற்றுக்கு அவை இன்னும் வேண்டும். எரிபொருள் தீர்ந்துவந்த இன்டெல்சாட்-901ஐ 2020 பெப்ரவரியில் இன்னொரு விண்கலம் போய்ப் பற்றிக்கொண்டு ஆயுளை நீட்டியது. 2021இல் ஏவப்பட்ட யூட்டெல்சாட் குவான்டத்தை, எந்த நாட்டுக்கு ஒளிபரப்பவேண்டும் என்று மேலே போனபின்னும் மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் ஒதுங்கவில்லை. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 2024 நவம்பரில் அமெரிக்க ரொக்கட்டில் போனது. 2025 நவம்பரில் 4,410 கிலோ எடையுள்ள சி.எம்.எஸ்.-03 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போனது.

நமக்கு என்ன?

1955 செப்டெம்பர் 22இல் பிரித்தானியாவின் முதல் வணிகத் தொலைக்காட்சி ஒளிபரப்பானது குரோய்டன் கோபுரத்திலிருந்துதான். பியூலா ஹில் மேட்டில் அதன் வாரிசுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அந்தத் தொடக்ககால நிகழ்ச்சிகளில் பல இன்று இல்லை. நேரடியாகப் போயின, பதியப்படவில்லை, பதிந்தவையும் அழிக்கப்பட்டன.

செய்மதியும் அப்படித்தான். அது ஒரு கண்ணாடி. வந்ததைத் திருப்பி அனுப்பும், எதையும் வைத்திருக்காது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் எழுத்தாளர்களின் நேர்காணல்கள், கவியரங்குகள், மறைந்த கலைஞர்களின் குரல்கள் அந்தக் கண்ணாடியில் பட்டுச் சுவர் டிஷ்களுக்கு வந்தன. வாடகை கட்ட முடியாமல் ஒரு தொலைக்காட்சி மூடும்போது, அவை எங்காவது ஒரு களஞ்சிய அறையில் நாடாக்களாகக் கிடக்கும். அறை வாடகையும் ஒருநாள் தவறும்.

முதலீட்டாளர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த நாடாக்களை யாராவது பார்க்கவேண்டும். வீட்டில் பழைய ஒளிப்பதிவு நாடா வைத்திருப்பவர்கள் அதில் என்ன இருக்கிறது, எந்த ஆண்டு என்று வெளியே எழுதி, எண்முறைக்கு மாற்றி, ஒரு பிரதியை நூலகம் போன்ற ஆவணத் திட்டம் ஒன்றுக்குக் கொடுக்கலாம். டிஷ்ஷைக் கழற்றும் முன் செய்யவேண்டிய வேலை அது.